முளைப்பாரிக்கு ஊற்றிய தண்ணீர்

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நான் கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பில் காலை நுழைத்த நேரத்தில், சிவகங்கைக்காரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். தலை ஈரமாக இருந்தது. "பயிரைப் பத்திப் படிக்கிற பிள்ளை கிளம்பிருச்சா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், அதனால் சிவகங்கைக்காரம்மா. கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பல வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் எங்கள் தெருவில் வீடு கட்டி வந்தார்கள். நான் 'பயிர்ப் படிப்புப் பொண்ணு'. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அப்பா பேருந்தின் எண்ணைப் படிப்பார், எங்கே போகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். இருவருடைய பெற்றோரும் பூந்தமல்லிப் பக்கம் மற்றவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்கள் இப்போது கிடங்குகள். இந்தக் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். உளுந்தும் கேழ்வரகும் உப்பை எப்படித் தாங்குகின்றன, அவற்றின் மரபணுக்களில் எவை அப்போது விழிக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

சிவகங்கைக்காரம்மாவின் கவலை முளைப்பாரி. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி என்றால் கூழ் ஊற்றுவதுதான். முளைப்பாரி என்ற சொல்லையே நாங்கள் அவரிடம்தான் கேட்டோம். மண்ணும் மக்கிய சாணமும் போட்ட சட்டிகளில் தானியமும் பயறும் விதைத்து, இருட்டறையில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். வெளிச்சம் படாததால் முளைகள் வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று எழும்பும். ஒன்பதாம் நாள் பெண்கள் சட்டிகளைத் தலையில் சுமந்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். இந்த வருடம் நம் தெருவிலும் வைக்கலாம், நானே வளர்க்கிறேன் என்று அவர் கேட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். "இத்தினி வருசம் கூழ் குடிச்சிகினு நல்லாத்தானே கீறோம், இது இன்னா புதுசா?" என்றது கிணத்தூட்டு அக்கா. கூழ் காய்ச்சுவதில் தெருவுக்கே அவர்தான் தலைமை. ஆனால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ச்சிய கூழ் உப்புக் கரித்துப்போய், இளவட்டங்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, தண்ணி குடு" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அந்த எரிச்சலில் பேசியதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். முளைப்பாரி வைக்கச் சம்மதம் கிடைத்தது.

வளர்ப்பவரைத் தவிர வேறு யாரும் முளைகளைப் பார்க்கக் கூடாது என்பது விதி. அதை மீறி என்னைக் கூப்பிட வந்திருக்கிறார் என்றால் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார். ஒருமுறை குளித்தாயிற்று என்றேன். "இருந்தாலும் குளிச்சிரு தாயி" என்றார். சலித்துக்கொண்டே குளித்தேன். ஆய்வகத்தில் கையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமலும் உறை மாட்டாமலும் நான் ஒரு மாணவியையும் என் தட்டுகளைத் தொட விட்டதில்லை. அதை நினைத்ததும் சலிப்பு கொஞ்சம் குறைந்தது.

அறையில் ஐந்து சட்டிகள் இருந்தன. ஜன்னலைப் போர்வையால் அடைத்திருந்தார். துணியை விலக்கிக் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினார். நெல், சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் ஊசி ஊசியாக நின்றன, கொஞ்சம் குட்டைதான், ஆனால் நின்றன. புல் இனம் அப்படித்தான் மண்ணைக் குத்திக்கொண்டு வரும். பயறு வேறு மாதிரி, கழுத்தை மடக்கி, தலையைக் கீழே வைத்துக்கொண்டு மேலே வந்து அப்புறம்தான் நிமிரும். இந்தச் சட்டிகளில் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் உளுந்தும் நிமிரவே இல்லை. மடங்கிய கழுத்தோடு, அடித்தண்டு பழுப்பாகி, சோளத்தின் காலடியில் படுத்துக் கிடந்தன.

உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் எனக்குள் எழுந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். என் ஆய்வகத் தட்டு அப்படியே சட்டிக்குள் இருந்தது. பயறு படுத்து, புல் நின்றால் முதலில் உப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். தொட்டித் தண்ணீரும் கேன் தண்ணீரும் பல கை பட்டவை, முளைப்பாரிக்கு ஆகாது, அப்போதைக்கப்போது எடுத்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார். அதனால் கோயிலில் இந்த வருடம் புதிதாகப் போட்ட போரிலிருந்து தினமும் குடத்தில் எடுத்துவந்திருக்கிறார். எச்சில் படக் கூடாது என்று வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அம்மன் வாசல் தண்ணீரைவிடச் சுத்தமானது எது?

அவருடைய கைப்பேசி அடித்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"மகதான். நேத்துலேருந்து எடுக்கல" என்றார்.

மகள் சிவகங்கையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். இரண்டு முறை கரு தங்கவில்லை. இப்போது ஐந்தாம் மாதம். அவளுக்காகத்தான் இந்த வேண்டுதல். அவள் தினமும் கூப்பிட்டு, முளைப்பாரி எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கேட்கிறாள். முளை நன்றாக வந்தால் வீடு செழிக்கும், பட்டுப்போனால் வளர்த்த வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள்.

"அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்? நீயே சொல்லு தாயி."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் பையில் எப்போதும் ஒரு மீட்டர் இருக்கும், தடித்த பேனா மாதிரி. தண்ணீரில் நுனியை நனைத்தால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். நேராகக் கோயில் போருக்குப் போய்க் குழாயைத் திறந்து நுனியை நனைத்தேன். நான் ஆய்வகத்தில் உளுந்தைச் சாகடிப்பதற்கென்றே கலக்கும் கரைசலுக்குப் பக்கத்தில் எண் வந்து நின்றது.

கோயில் வாசலில் கிணத்தூட்டு அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்குக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்குள் பேனாவை விட்டு என்ன எழுதுகிறாய் என்று அக்கா கேட்டது. சும்மா போயிருக்கலாம். பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. ஆனால் ஐந்து பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எனக்குப் பதில் தெரிகிறது. பதில் தெரிந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க நான் அதுவரை பழகியதே இல்லை. முளைப்பாரி பட்டுப்போனதற்கு அம்மன் குற்றம் எதுவும் காரணம் இல்லை, இந்தத் தண்ணீர்தான் காரணம், இதை ஊற்றியிருக்கவே கூடாது என்று வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னேன்.

முறங்கள் நின்றன.

"பட்டுப் போச்சா?" என்றது கிணத்தூட்டு அக்கா. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "அப்போ ஆத்தா மேல பழி இல்ல. ஊத்துனவங்க மேலதான். படிச்ச பொண்ணே சொல்லிகினு கீதே" என்றது.

ஒருத்தி சிரித்தாள். நான் திரும்பியபோது, எனக்குப் பின்னால் இருபதடி தள்ளிச் சிவகங்கைக்காரம்மா குடத்தோடு நின்றிருந்தார். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று ஆய்வகத்தில் வேலை ஓடவில்லை. திரவ நைட்ரஜன் ஊற்றி இலைகளை உரலில் பொடிக்க வேண்டிய நாள். ஆவி மேலே எழும்ப, உளுந்து இலை கண்ணாடி மாதிரி நொறுங்கும். அந்தப் பொடியிலிருந்து எந்த மரபணு எழுந்து வேலை செய்தது, எது எழவில்லை என்று எடுத்துப் பார்ப்போம். எழாத செடிக்கு நோட்டில் 'தாங்காதது' என்று எழுதுவோம். எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். உப்பைக் கலந்து ஊற்றியவள் நான், நோட்டில் பேர் வாங்குவது செடி. அன்றைக்கு அந்தச் சொல்லை எழுதப் பேனா எடுத்தபோது குடத்தோடு நின்றவர் முகம் வந்தது. மூடி வைத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினேன்.

அம்மா பாடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். காலை ஷிஃப்ட் முடிந்து எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தாள். தெருமுனையில் இறங்கும்போதே அவளுக்குச் செய்தி கிடைத்திருக்கிறது.

"அந்தம்மா உனுக்கு மட்டும் கதவத் தொறந்து காட்டுச்சு. நீ தெருவுக்கே தொறந்து உட்டுட்டு வந்துகீற" என்றாள். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு போட்டாள், குழம்பை எடுத்து வைத்தாள், பேசவில்லை.

அவள் சொன்னது சரி. இன்னொன்றும் எனக்கு அப்போது புரிந்தது. அம்மன் கோபம் என்று இருந்திருந்தால் அதற்குப் பரிகாரம் உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு. என் விளக்கம் அந்தப் பழியை அம்மனிடமிருந்து எடுத்து அவர் கையில் வைத்துவிட்டது. இரண்டு முறை பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு கூட்டிவந்த கை அது.

எண்ணிப் பார்த்தேன். ஊர்வலம் அடுத்த செவ்வாய் சாயங்காலம். பச்சைப்பயறு வேகமானது. ஊறவைத்து முளைகட்டி விதைத்தால், இருட்டில் நாலு நாளில் அரைச் சாணாவது வரும். புல் இனம் ஏற்கெனவே நிற்கிறது, அதன் காலடி உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் போதும். ஆனால் நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் அவர் விதிப்படி அப்போது எடுத்ததாக இருக்க வேண்டும். மீட்டரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கள் வீட்டுப் போர், பால்காரர் வீட்டுப் போர், மூலை அடிபம்பு. எல்லாம் சுமார், பயறுக்குக் கொடுக்கத் துணிச்சல் வராத சுமார். தெருவில் கிணறு இருப்பது ஒரே வீட்டில். காலையில் என் வாயைத் திறக்க வைத்த அக்காவின் வீட்டில்.

கிணத்தூட்டு அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, எங்க கெணத்துக்கு ஊசி போட வந்தியா?"

ஒரு வாளி இறைத்துக் கொடுங்கள் என்றேன். நனைத்தேன். எண் கீழே, வெகு கீழே போய் நின்றது. அதைக் காட்டிவிட்டு, காலையில் கோயில் போரில் பார்த்த எண்ணையும் சொன்னேன். அக்காவுக்கு எண்கள் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சோப்புக் கையோடு முகத்தைச் சுளித்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. உப்புக் கரித்த அந்தக் கூழுக்கு எங்கே தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அக்கா கையிலிருந்த துணியைக் கல்லின் மேல் வைத்தது.

"கோயில்லதான். புதுசா போட்டுகீறாங்களேன்னு." சோப்புக் கையைப் புடவையில் துடைத்தது. "நான் கைப்பிடி உப்புதான் போட்டேன். எங்கூட்டு ஆளே நம்பல."

அந்த வாளியை அக்காவே தூக்கிக்கொண்டு வந்தது. சிவகங்கைக்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டியதும் அக்காதான். "சிவகங்க, தொறம்மா. உன் பயிர கெடுத்த தண்ணிதான் என் கூழையும் கெடுத்துச்சு. வெளிய வா, ரெண்டு பேரும் சேந்து அந்த போர் போட்டவன திட்டலாம்."

கதவு திறக்க நேரமானது. அழுத முகம். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

"விதையில ஒரு குத்தமும் இல்ல, அத்தை. உங்க கையிலயும் இல்ல. தண்ணிதான்."

"காலையிலயும் அதைத்தான சொன்ன."

"காலையில தெருகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லல. தப்பு என்னுது."

அதுவரை அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அத்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் கொஞ்சம் நகர்ந்து நின்று வழி விட்டார். விட்டதும், "குளிச்சிட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

"இந்த முளைப்பாரி முடியறதுக்குள்ள என் கெணறே வத்திடும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா குளிக்கப் போனது.

அன்று மாலை பச்சைப்பயறை ஊறவைத்தோம். மறுநாள் ஈரத்துணியில் கட்டிவைத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் சட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தோம். சட்டிகளின் அடியில் துளை போட்டு, கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவியிருந்தோம். இப்போது சோளத்தையும் நெல்லையும் அசைக்காமல், பட்டுப்போன பயறுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நான் ஆய்வக இடுக்கியால் ஒன்றை எடுப்பதற்குள் அக்கா வெறும் விரலால் பத்து எடுத்தது.

"எல்லாத்துக்கும் ஒரே தண்ணிதான ஊத்துனேன். இது நிக்கிது, அது ஏன் படுத்துருச்சு?" என்று சிவகங்கைக்காரம்மா கேட்டார். என் ஆய்வின் கேள்வியே அதுதான். என் வாய்மொழித் தேர்வில்கூட யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

அப்பாவை வைத்துச் சொன்னேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்கிறார். கரண்ட் இருக்கும்வரை அவருக்கு வேலை இல்லை, ஆனால் வருகைப் பதிவில் பெயர் உண்டு. கரண்ட் போனதும் முதலில் ஓட வேண்டியவர் அவர்தான். விதைக்குள்ளும் அப்படி ஆட்கள் உண்டு, அவர்களைத்தான் மரபணு என்கிறோம். உப்புக்கு ஒருவர், வெயிலுக்கு ஒருவர், தண்ணீர் இல்லாத நாளுக்கு ஒருவர். சோளம், நெல் மாதிரி புல் இனத்தில் உப்புக்கான ஆள் ஒரு வாட்ச்மேன் மாதிரி, வேர்ப்பக்கமே நின்று உப்பைப் பிடித்து வைத்து, மேலே இலைக்குப் போகாமல் முடிந்தவரை தடுத்துவிடுவார். பயறிலும் வாட்ச்மேன் உண்டு. ஆனால் அவர் எழுந்து வருவதற்குள் பாதி உப்பு உள்ளே போயிருக்கும்.

"எங்கூட்டு ஆளு மாதிரி" என்றது அக்கா.

சிவகங்கைக்காரம்மா சிரிக்கவில்லை. "அப்ப பயறு சவலையா?" என்று கேட்டார்.

என் நோட்டில் இருக்கும் சொல் நினைவுக்கு வந்தது. இல்லை என்றேன். பயறு தன் வேரில் நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுத்து, தான் காய்ச்சிய சர்க்கரையை அவற்றுக்கு ஊட்டி, பதிலுக்கு மண்ணுக்கே சத்து சேர்க்கும். எந்தப் புல்லுக்கும் அந்த வேலை அப்படி வராது. அதற்கென்றே அதனிடம் மரபணுக்கள் இருக்கின்றன. நல்ல தண்ணீர் கிடைத்தால் சோளத்துக்கும் சேர்த்து அதுதான் சோறு போடும். உப்பு வந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். "அது சவலை இல்ல அத்தை. அதுக்கு வந்த தண்ணி அப்படி."

அவர் முளைவிட்ட பயறைக் கையில் அள்ளினார். ஒவ்வொன்றிலும் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தது. நெற்றிக்கு நேரே ஒருமுறை தூக்கிப் பிடித்துவிட்டு, சோளத்தின் இடைவெளிகளில் தூவினார்.

அதன்பின் நான் உள்ளே போகவில்லை, அவர் கூப்பிடவும் இல்லை. காலையும் மாலையும் அக்கா வாளியோடு போவதை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைக் கூழைக் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சினார்கள். அக்கா ஒவ்வொருவர் சொம்பிலும் ஊற்றிவிட்டு, "உப்பு கீதா? சொல்லு, கீதா?" என்று மிரட்டியது. உப்பு கொஞ்சம் குறைவாகவே இருந்தது, யாரும் சொல்லத் துணியவில்லை. அம்மா இரண்டாம் சொம்பு வாங்கிவந்து என்னிடம் நீட்டி, குடி என்றாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சட்டிகள் வெளியே வந்தன. இருட்டிலிருந்து வந்த மஞ்சள் முளைகள் வெயிலில் கூசின. சோளமும் நெல்லும் ஒரு சாணுக்கு மேல் நின்றன. கீழே, அவற்றின் பாதி உயரத்தில், பச்சைப்பயறு நெருக்கமாக எழும்பியிருந்தது. சில கழுத்துகள் நிமிர்ந்துவிட்டன, சில இன்னும் மடங்கியே இருந்தன. இப்படி இரண்டு அடுக்காக எந்த ஊரிலும் முளைப்பாரி வராது என்று சிவகங்கைக்காரம்மாவே சொன்னார். ஒரு சட்டியைக் கிணத்தூட்டு அக்கா தலையில் வைத்துக்கொண்டது. ஒன்று அம்மாவுக்கு. எனக்கு யாரும் தரவில்லை, கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

கிளம்பும் நேரத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. இந்த முறை எடுத்தார். மறு கையால் தலைச் சட்டியைப் பிடித்தபடி, கைப்பேசியைக் காதில் வைக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் அவர் காதருகே பிடித்துக்கொண்டேன். மகள் குரல் எனக்கும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

"ஆமாத்தா, எடுக்கல. ஏன்னா மொதல்ல போட்டது பட்டுப்போச்சு."

ஏன் இதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"இரு, கேளு. விதையில ஒரு குத்தமும் இல்லயாம். என் கையிலயும் இல்லயாம். தண்ணி சரியில்ல, அம்புட்டுதான். மாத்திப் போட்டோம், வந்துருச்சு. ஆமா, இப்பத்தான் தலையில வச்சுருக்கேன்." கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "குட்டைதான். குட்டையா இருந்தா என்னத்தா? நிக்கிதுல்ல."

அவர் என்ன அர்த்தத்தில் சொல்கிறார், மகள் என்ன அர்த்தத்தில் கேட்டுக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் பயறு பட்டுப்போவதைப் பற்றி நான் சொன்னது ஒரு பெண்ணுக்குக் கரு தங்குவதற்கும் பொருந்தும் என்று எந்த ஆய்விலும் இல்லை. யார் தவறாகச் சொன்னாலும் அங்கேயே திருத்திவிடுகிறவள் நான். கைப்பேசியை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தபடி, ஊர்வலத்தோடு நடந்தேன்.